ஏழாம் நம்பர் பேப்பர்

பதினேழுல பத்து. பேராசிரியராக எங்க பாடத்துல பத்து பேப்பர் போதும். ஒம்பதுன்னா அப்படியே வீட்டுக்குப் போகலாம், பத்துன்னா உள்ள போகலாம், பதினொண்ணு யாரும் கேக்கல. காலையில நான் வந்து இந்த நாற்காலியில உக்காந்ததும், பதவி உயர்வு ஃபைலையெல்லாம் பாத்துக்கற செக்‌ஷன் கண்காணிப்பாளர் ஜான்சி ராணி சீட்டை விட்டே எழுந்து வந்து, "மேடம், ஏழாம் நம்பரை ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்குப் பத்து ஆயிடுச்சு. பேராசிரியர் பொற்கொடின்னு போர்டுக்கு ஆர்டர் குடுத்துடுங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். என்ன சிரிப்பு அது, பல் டாக்டர்கிட்ட வாயைத் திறக்கற மாதிரி. எட்டு வருஷம். அந்த ஒரு பேப்பரை எங்க பாடத்துல சேத்துக்கோங்கன்னு நாலு மனு எழுதினேன், ரெண்டு துறைத் தலைவர் மாறினாங்க, ஒரு துணைவேந்தர் மாறினார். மூணு வாரத்துக்கு முன்னாடி இதைச் சொல்லியிருந்தா ஜான்சியைக் கட்டிப் பிடிச்சிருப்பேன். இப்போ வந்து சொல்றா. இந்த ஃபேன் வேற, சுத்துதா இல்ல சும்மா மேல தொங்கிட்டு யோசிக்குதா தெரியல. மடியில ஆறு செட். ஒவ்வொண்ணும் ரெண்டு விரல் கனம், ஓட்டை போட்டு டேக் கட்டி, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு, முத்திரை குத்தி. ஆறு பேர் கமிட்டி, ஆளுக்கொண்ணு. உள்ள இருக்கறவர் இரண்டாவது ஆள், நான் நாலாவது. ஒருத்தருக்கு இருபது நிமிஷம்னு வச்சாலும் இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல இதை மடியில வச்சுட்டு உக்காரணும். கீழ வைக்கலாம். வைக்க மனசு வரல. என்னத்தையோ யாரோ எடுத்துட்டுப் போயிடுவாங்கங்கற மாதிரி. எடுத்துட்டுத்தான் போகட்டுமே.

பதினேழு பேப்பர், ரெண்டு சாதி. பாதி என்ஜினியரிங் மெக்கானிக்ஸ், பளு, விரிசல், உடைவு. பாதி நுண்ணுயிரியல், அதாவது பாக்டீரியா. காங்கிரீட்டுக்குள்ள ஒரு பாக்டீரியாவைத் தூங்க வச்சுட்டா, விரிசல் விட்டுத் தண்ணி இறங்கும்போது அது முழிச்சுக்கும், சுண்ணாம்பா கக்கி விரிசலை அதுவே அடைச்சுடும். கேக்க நல்லாத்தானே இருக்கு. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, அதை நம்பித்தான் சிவில்ல பி.எச்.டி. முடிச்சுட்டு முப்பத்தஞ்சு வயசுல போய் மைக்ரோபயாலஜி லேப்ல சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து, தட்டுல கோடு போட்டு பாக்டீரியா வளக்கக் கத்துக்கிட்டேன். அங்க எனக்குப் பேரு சிமெண்ட் மேடம். இங்க எங்க டிபார்ட்மென்ட்ல பூச்சி மேடம். "பூச்சி மேடம் வந்தாச்சா, கையைக் கழுவிட்டு வாங்கப்பா காபி குடிக்கலாம்"னு முகத்துக்கு நேரா சொல்லுவாங்க, நான் கோவிச்சுக்கக் கூடாது, கோவிச்சுக்கிட்டா பொம்பளைக்கு நகைச்சுவை உணர்வு இல்லம்பாங்க. மெக்கானிக்ஸ் ஜர்னலுக்கு அனுப்பினா இது உயிரியல், அங்க அனுப்புங்கம்பான். அங்க அனுப்பினா இது கட்டடம், இங்க எங்க வந்தீங்கம்பான். ஒரு பேப்பர் அப்படி நாலு தடவை பந்து மாதிரி போயிட்டு வந்துச்சு, கடைசியில அது வெளியாகும்போது அதுல நான் நன்றி சொன்ன ரெண்டு பேர் ரிட்டையர் ஆயிட்டாங்க. அதான் ஏழாம் நம்பர் எனக்கு அவ்வளவு முக்கியம். அது ஒண்ணுதான் ரெண்டு பக்கமும் கை நீட்டின பேப்பர். பாக்டீரியா போட்ட க்யூப், அதாவது சோதனைக்கு வார்த்த காங்கிரீட் கட்டி, விரிசல் விட்டப்புறம், இழந்த பலத்துல முப்பத்தோரு சதவீதத்தைத் திரும்பப் பிடிச்சுது. முப்பத்தொண்ணு. பிரேசில்காரன் மேற்கோள் காட்டியிருக்கான். கொரியாவுல ஒரு பொண்ணு தன் ஆய்வேட்டுல முதல் அத்தியாயமே அதை வச்சுத்தான் எழுதியிருக்கா. என் பேரை யாராவது எங்கயாவது சொன்னா அந்த முப்பத்தோரு சதவீதத்துக்காகத்தான் சொல்றாங்க. மத்த பதினாறையும் எங்க அம்மாகூடப் படிக்க மாட்டாங்க.

சோலையப்பன் ஏன் வாயைத் திறந்தார். முப்பத்தெட்டு வருஷம் லேப் அட்டெண்டரா இருந்த மனுஷன், அளந்து பேசறவர், மூணு வாரத்துக்கு முன்னாடி பிரிவு உபச்சார விழாவுல மாலையும் கழுத்துமா நின்னுக்கிட்டு மைக்கில என்னைப் பாத்துச் சொல்றார். "பொற்கொடியம்மா க்யூபுன்னா எனக்கு என் பிள்ளைங்க மாதிரி. ஒரு ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் தொட்டியிலேர்ந்து வெளிய எடுத்து, பாசி போகக் கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, அப்பத்தான் நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சு, அம்மா லீவுல இருந்தாங்க, பயந்துட்டேன், அப்புறம் நானே ரிஜிஸ்டரைப் பாத்து வரிசையா அடுக்கி ஒண்ணு விடாம திரும்ப எழுதிட்டேன், அம்மாவுக்குத் தெரியவே தெரியாது." எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். தட்டிட்டே இருந்தேன், மத்தவங்க நிறுத்தினப்புறமும் ரெண்டு தட்டு கூடுதலா. வரிசையா அடுக்கின்னா என்ன வரிசை. பதினெட்டு க்யூப். ஒம்பது பாக்டீரியா போட்டது, ஒம்பது போடாதது. ரெண்டும் பாக்க ஒண்ணுதான், ஒரே அச்சு, ஒரே சிமெண்ட், ஒரே சாம்பல் நிறம், நம்பர் மட்டும்தான் வித்தியாசம். ரெண்டு தொட்டியில தனித்தனியா ஊற வச்சிருந்தேன். ரெண்டு தொட்டியையும் காலி பண்ணி, எல்லாத்தையும் ஒண்ணா வெளிய போட்டுத் தேச்சா எது எதுன்னு ரிஜிஸ்டர் எப்படிச் சொல்லும். ரிஜிஸ்டர்ல நம்பர் இருக்கும், க்யூபோட மூஞ்சியா இருக்கும். டீ குடிக்கும்போது தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணே, எந்தத் தொட்டி க்யூபை எங்க வச்சீங்க, ஞாபகம் இருக்கா." அவர் கையில பிஸ்கட்டை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சார். "இடது பக்கத் தொட்டி முதல்லன்னு நினைக்கிறேன்மா. கூட இருந்த பையன் முருகேசனும் தூக்கினான். ஒம்பது வருஷம் ஆச்சே. ஏம்மா, ஏதும் தப்பா." அவர் முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. ஒண்ணுமில்லண்ணே, சும்மா கேட்டேன்னுட்டேன். வேற என்ன சொல்றது, மாலையைக் கழட்டுன்னா சொல்றது.

அவர் மேல என்ன தப்பு. ஆயுத பூஜைக்கு எல்லா லேப்லயும் அதுதான் நடக்குது. வருஷம் பூரா தூசியாக் கிடக்கற மெஷினைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஒரு மாலையைப் போட்டு, பொரிகடலை குடுப்பாங்க. அந்த வருஷம் சோலையப்பன் கூடுதல் பக்தியில என் க்யூபுக்கும் சேத்துப் பொட்டு வச்சுட்டார். நான் பூஜைக்குக் கடைசி நேரம் வந்தேன், லீவு போட்டுட்டு, மாமியாரை ஆஸ்பத்திரியில விட்டுட்டு நேரா. போட்டோ எடுத்தாங்க. அந்தப் போட்டோதான் லேப் வாசல்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு, ஒம்பது வருஷமா தினமும் ரெண்டு வேளை அதைத் தாண்டித்தான் போறேன் வரேன். விழா முடிஞ்சு நேரா அங்க போய் நின்னு பாத்தேன். க்யூபை அமுக்கி உடைக்கற மெஷின் நடுவுல, அதுக்கு முன்னாடி கொலுப்படி மாதிரி மூணு வரிசையா பதினெட்டு க்யூப், ஒவ்வொண்ணுலயும் சந்தனம், நடுவுல குங்குமம். ஒரு க்யூப்லயும் நம்பர் இல்ல. ஒண்ணுலகூட இல்ல. பக்கத்துல நான் நிக்கறேன், பொரித் தட்டோட, பல்லைக் காட்டிக்கிட்டு, நீலப் புடவையில. நம்பர் இல்லாத க்யூபுக்கு நடுவுல நின்னு பொரி சாப்பிட்டிருக்கேன். கண்ணு எங்க இருந்துச்சு எனக்கு. மாமியாருக்கு சர்க்கரை ஏறியிருக்கு, வீட்டுல பால் இருக்கா, பெரியவளுக்கு நாளைக்கு என்ன டிபன், இதெல்லாம்தான் ஓடியிருக்கும். ஆராய்ச்சியாளராம்.

சரி, மாறியே போச்சுன்னு வச்சுக்கோ. அப்போ ரிசல்ட்டும் குழம்பித்தானே வந்திருக்கணும், எப்படி அழகா வந்துச்சு. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு பக்கத்துத் தெருவுல புகுந்து ஓடப் பாக்குது, மூணு வாரமா இதே ஓட்டம். அழகா வரல. அதுதான் விஷயம். பாக்டீரியா போட்டதுன்னு எழுதியிருந்த ரெண்டு க்யூப் சும்மா இருந்துச்சு, பலம் துளியும் ஏறல. போடாததுன்னு எழுதியிருந்த ரெண்டு ஏறிடுச்சு. நாலையும் நான்தான் ஒதுக்கினேன். வார்ப்புக் குறைபாடு காரணமாக நான்கு மாதிரிகள் கணக்கில் கொள்ளப்படவில்லைன்னு ஒரு வரி. எல்லாரும் எழுதற வரிதான் அது, நானும் எழுதினேன், எழுதிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அந்த நாலு க்யூப் அப்பவே வாய் விட்டுச் சொல்லியிருக்கு, இடம் மாறிட்டோம் தாயின்னு. நான் காதைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் மூணு தடவை அதே சோதனையைத் திரும்பப் பண்ணேன். எட்டு, பதினொண்ணு, ஒம்பது சதவீதம். முப்பத்தொண்ணு வரவே இல்ல. சிமெண்ட் மாறிடுச்சுன்னேன், தண்ணி உப்புன்னேன், பாக்டீரியாவுக்கு வயசாயிடுச்சுன்னேன். என்னைச் சொல்லிக்கல. இன்னொண்ணும் இருக்கு, அது இன்னும் எரிச்சல். ரெண்டே ரெண்டு ஜோடிதான் மாறியிருந்தா, சரியான க்யூபைச் சரியான இடத்துல வச்சா, ரிசல்ட்டு நான் எழுதினதைவிட நல்லாவே இருக்கும். அதுவும் நடந்திருக்கலாம். எல்லாமே மாறியிருந்தா எழுதினது பூராப் பொய், அதுவும் நடந்திருக்கலாம். க்யூபெல்லாம் தூள் தூளா உடைஞ்சு பின்பக்க ரோட்டுப் பள்ளத்துல கொட்டியாச்சு, போய்க் கேக்கவா முடியும். வீட்டுல சபாபதிகிட்டச் சொன்னேன். கட்டின பாவத்துக்குக் கேட்டார். "எவனுக்குத் தெரியப் போவுது. ரிட்டையர் ஆன மனுஷன் ஏதோ உளறினார்னு விட்டுட்டுப் போவியா, கமிட்டி முடியற வரைக்கும் மூச்சு விடாதே. அப்புறமா ஆற அமர எழுதிப் போடு." ஆற அமர. ஆமா, பேராசிரியர் நாற்காலியில உக்காந்து ஆற அமர எழுதலாம், ஐயா என் பேப்பர் தப்புங்கய்யான்னு. அவர் சொல்றதும் நியாயமாத்தான் பட்டுச்சு, பட்டதுதான் எனக்குக் கோவம். அவர் மேல இல்ல. அவர் சொல்றதுக்கு முன்னாடியே நான் அதை நினைச்சிருந்தேன்.

போன் அடிக்குது. புது நம்பர் இல்ல, போன வாரம் ரெண்டு தடவை வந்த நம்பர், எடுக்கல. வெயிட்டிங் ஹால்ல மத்தவங்க திரும்பிப் பாக்கறாங்க, எடுத்துத் தொலைச்சேன். "மேடம், வணக்கம், சாகுல் அமீது பேசறேன். ஊராட்சி ஒன்றியத்துல உதவிப் பொறியாளர். மெயில் போட்டிருந்தேன், பாத்தீங்களா." பாத்தேன். பாத்துட்டு மூடினேன். பின்ன என்ன பண்ண. "நம்ம கிராமத்துல ஒரு மேல்நிலைத் தொட்டி மேடம், பத்தொம்பது வருஷம் ஆச்சு, தண்ணி கசியுது. இடிச்சுக் கட்ட நிதி இல்லங்கறாங்க. உங்க பேப்பர் படிச்சேன். முப்பத்தோரு சதவீதம் பலம் திரும்பும்னு போட்டிருக்கீங்கள்ல, அதை வச்சு எஸ்டிமேட் தயார் பண்ணி அனுப்பிட்டேன், மேல சம்மதிச்சுட்டாங்க. ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு பாக்டீரியா கரைசல்னு மட்டும் சொன்னா போதும் மேடம், திங்கக்கிழமை வேலை ஆரம்பிச்சுடுவேன்." என்ன மரியாதை, என்ன சந்தோஷம் அந்தக் குரல்ல. என் மாணவன் வயசு இருக்கும். என் பேப்பரை இந்த நாட்டுல ஒருத்தன் நிஜமாப் படிச்சு, நிஜமா ஒரு கட்டடத்துல பூசப் போறான். இதுக்காகத்தானே இவ்வளவு வருஷம் ரெண்டு வாசல்லயும் ஏச்சு வாங்கினேன். நான் இன்டர்வியூவுல இருக்கேன் தம்பி, அப்புறம் பேசறேன்னேன். "சரி மேடம், ஆல் தி பெஸ்ட் மேடம். போட்டோ அனுப்பறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்க"ன்னான். மூணாவது ஆளை உள்ள கூப்பிட்டாங்க. ரெண்டாவது ஆள் வெளிய வந்து, மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, ஒண்ணும் கேக்கல மேடம், சும்மா பேப்பர் எண்ணினாங்க, அவ்வளவுதான்னுட்டுப் போறார். சும்மா எண்ணினாங்க. எட்டு வருஷமா ராத்திரி பகலா இதை நினைச்சு உருகறோம், உள்ள ஆறு பேர் விரல் விட்டு எண்ணிட்டு முந்திரி பக்கோடா சாப்பிடறாங்க.

போட்டோவைப் பாக்காம இருந்திருக்கலாம். அளவு தெரியறதுக்காகப் பக்கத்துல ஒரு பேனாவை வச்சு எடுத்திருக்கான், நல்ல பழக்கம், யார் சொல்லிக் குடுத்தாங்களோ. தொட்டிச் சுவர்ல கசிவு இருக்கு, அதைச் சொல்லல, அது யாருக்கும் தெரியும். மூணாவது போட்டோ, தூண். தொட்டியைத் தாங்கற காலு. மேலேர்ந்து கீழ நேரா ஒரு விரிசல், பேனா நீளத்துக்கு மூணு பங்கு, ஓரத்துல துருக் கறை. பூச்சி மேடத்துக்கு அதுல ஒண்ணும் தெரியாது, அவ விரிசல்னா அடைக்கணும்பா. மெக்கானிக்ஸ் படிச்சவளுக்குத் தெரியும். இது தோல் விரிசல் இல்ல. உள்ள கம்பி துருப் பிடிச்சு ஊதி காங்கிரீட்டைத் தள்ளுது. இதுல பாக்டீரியாவைப் பூசினா வெளிய வெள்ளையா மூடிக்கும், பாக்க அழகா இருக்கும், உள்ள வேலை நடந்துக்கிட்டே இருக்கும். முப்பத்தொண்ணா, எட்டா, பூஜ்யமாங்கறதெல்லாம் அப்புறம், அந்த நம்பரை நம்பித்தான் இவன் தூண்ல கை வைக்காம விட்டிருக்கான். நாலாவது போட்டோவுல தொட்டிக்கு நேர் கீழ ரேஷன் கடை. சனங்க பையும் கையுமா வரிசையில நிக்கறாங்க, தூணோட நிழல்ல, வெயிலுக்கு. ஒரு அம்மா அந்தத் தூண்லயே சாஞ்சு உக்காந்திருக்காங்க. கமிட்டி முடிஞ்சதும் சொல்லலாம், திங்கக்கிழமைதானே ஆரம்பிக்கறான், இன்னிக்கு வியாழன்தானே, ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடும். ஆகாது. ஒரு மணி நேரத்துல எதுவும் ஆகாது. ஒம்பது வருஷமா எதுவும் ஆகலயே. இப்படித்தான், இந்த ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாத்தான் ஒம்பது வருஷம் ஓடியிருக்கு.

கூப்பிட்டேன். ஒரு ரிங்குல எடுத்துட்டான், பாவம், போனைக் கையிலயே வச்சிருந்தானோ என்னவோ. "தம்பி, அந்தத் தூணைப் பாத்தீங்களா." "பாத்தேன் மேடம், அதான் கரைசலைக் கொஞ்சம் கூடப் பூசலாமான்னு." "எதையும் பூசாதீங்க. தொட்டியை இன்னிக்கே காலி பண்ணுங்க. ரேஷன் கடையை வேற இடத்துல வைக்கச் சொல்லுங்க. தூணுக்கு முட்டுக் குடுக்கணும், எப்படின்னு சாயந்தரம் நான் சொல்றேன், வேணும்னா நேர்ல வரேன்." "மேடம், எஸ்டிமேட்டே உங்க பேப்பரை வச்சுத்தான் போட்டேன். மேல கேட்டா என்ன சொல்றது. முப்பத்தோரு சதவீதம்னு அச்சாகியிருக்கே." "அது தப்பு"ன்னேன். சொல்லணும்னு நினைச்சுச் சொல்லல, வாய்தான் சொல்லுச்சு. "அது தப்பு தம்பி. க்யூப் மாறிப் போச்சு, எது எதுன்னு எனக்கே தெரியாது. நான் சொன்னேன்னு மேல சொல்லுங்க, எழுத்துல வேணும்னா எழுதியே தரேன்." நிமிர்ந்து பாத்தா ஜான்சி ராணி ஒரு கையில டீ டம்ளரோட நிக்கறா, எனக்குத்தான் கொண்டு வந்திருக்கா. அத்தனையும் கேட்டுட்டா போல. டீயை வாங்கிப் பக்கத்து நாற்காலியில வச்சேன். "ஜான்சி, பேனா இருக்கா." குடுத்தா. என்ன பண்ணப் போறேன்னு அவளுக்குத் தெரியல, எனக்கும் முதல் செட்டைப் பிரிக்கற வரைக்கும் தெரியல. பதினாலாம் பக்கம், வெளியீடுகளின் பட்டியல். ஏழாம் நம்பர் மேல ஒரு கோடு போட்டேன். அளவுகோல் இல்ல, கோணலாத்தான் போச்சு.

"மேடம், என்ன காரியம் பண்றீங்க. ஒம்பதாயிடும். இன்னும் மூணு வருஷம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது." ஜான்சி பதறிட்டா. அந்த ஒரு பேப்பரை உள்ள சேக்கறதுக்கு அவளும் என் கூடத்தான் ஃபைலைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா ஏறினா. தெரியும்னேன். அப்புறம் செக்‌ஷன் கண்காணிப்பாளர்ங்கற நினைப்பு வந்துடுச்சு அவளுக்கு, அதுதான் ஜான்சி. "அடிச்சா பக்கத்துல சுருக்கொப்பம் வேணும் மேடம். இல்லாட்டி செல்லாது. ஆறு செட்லயும்." போட்டேன். இரா.பொ. முதல் செட். ரெண்டாவது செட், பதினாலாம் பக்கம், கோடு, இரா.பொ. டேக் முடிச்சு இறுகிக் கிடக்கு, பக்கம் சரியா விரிய மாட்டேங்குது, ஜான்சி ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டா. மூணாவது. கதவு திறந்து பியூன் தலையை நீட்டி, "டாக்டர் பொற்கொடி, உள்ள கூப்பிடறாங்க"ன்னார். உள்ளேர்ந்து பக்கோடா வாசனை வந்துச்சு.

"வரேன்னு சொல்லுங்க, இன்னும் மூணு பாக்கி இருக்கு"ன்னு சொல்லிட்டு நாலாவதை எடுத்தேன்.